இரவுக்கு 800 டாலர், பாத்ரூம் ஒன்று

ஃப்ளோரிடா போவது என்று முடிவாகி, டிஸ்னி கேளிக்கைப் பூங்கா டிக்கெட் விலையைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்புறம் அதுவும் பழகிப்போய், சரி பெரிய செலவு முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் மனைவி கேட்டாள்: "ஏங்க, எங்க தங்கறோம்?"

தூங்குவதற்கு ஒரு இடம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த பஞ்சாயத்து.

வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்பது நாலு பூங்காக்களும் இருபதுக்கு மேற்பட்ட ஓட்டல்களும் சேர்ந்த ஒரு தனி ஊர். ஓட்டல்களை அவர்களே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள்: வேல்யூ, மாடரேட், டீலக்ஸ். வேல்யூ என்றால் கூட்டமில்லாத நாளில் 200 டாலருக்குள் அறை கிடைக்கலாம். டீலக்ஸில், அதுவும் நாலு பூங்காவில் ஒன்றான மேஜிக் கிங்டம் பக்கத்தில் ஏரியை ஒட்டி இருக்கிற மூன்று ஓட்டல்களில், 700, 800 என்று பேச ஆரம்பிப்பார்கள், கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஆயிரம் சாதாரணம். மொத்தப் பயணத்துக்கு இல்லை, ஒரே ஒரு இரவுக்கு. வரி வேறு தனியாக நூற்றுக்கு 12.5.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மகனுக்கு அந்த ஏரிக்கரை மூன்றில் ஒன்றான கன்டெம்பரரி ஓட்டல்தான் வேண்டும், ஏனென்றால் மோனோரயில் அந்தக் கட்டடத்துக்கு உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே போகிறது. 1971இல் பூங்கா திறந்தபோதே இருந்த ஓட்டல் அது. அறைகளை வேறு இடத்தில் முழுசாகச் செய்து எடுத்துவந்து, இரும்புச் சட்டத்துக்குள் கிரேன் வைத்து மேசை டிராயர் மாதிரி சொருகினார்களாம். இதைப் படித்ததில் இருந்து எனக்கும் கொஞ்சம் சபலம் தட்டியது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மகளுக்கு நீச்சல் குளம் இருந்தால் போதும், அதில் சறுக்கு மரம் இருந்தால் சொர்க்கம். மனைவிக்கு அனிமல் கிங்டம் லாட்ஜ் என்கிற டீலக்ஸ் ஓட்டல். காலையில் திரையை விலக்கினால் ஒட்டகச்சிவிங்கி நிற்குமாம், வரிக்குதிரை மேயுமாம்.

"லாட்ஜுக்காடா இவ்வளவு?" என்றார் அம்மா.

அந்த ஒட்டகச்சிவிங்கி விஷயத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லா அறைகளிலிருந்தும் அது தெரியாது, புல்வெளியைப் பார்த்த அறைக்குத் தனி விலை. கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால் நீச்சல் குளத்தைப் பார்த்த அறை, அதில் தெரியும் உயிரினங்கள் எல்லாம் நம்மைப் போல துண்டோடு நடமாடுபவை. போதாததற்கு, அனிமல் கிங்டம் என்கிற பூங்காவின் பெயரையே ஓட்டலுக்கும் வைத்திருக்கிறார்களே தவிர, அங்கிருந்து பூங்காவுக்கு நடந்து போக வழி கிடையாது. பஸ்தான்.

ஏற்கெனவே போய் வந்தவர்களிடம் கேட்டால் தெளிவு பிறக்கும் என்று இரண்டு நண்பர்களுக்குப் போன் போட்டேன். ஏரிக்கரை ஓட்டலில் தங்கியவன், "வாழ்க்கையில ஒரு தடவைடா, யோசிக்காதே" என்றான். வெளியே பத்து மைல் தள்ளி ஓர் ஓட்டலில் தங்கியவன், "உள்ளே தங்கறவன் எல்லாம் ஏமாளி" என்றான். இதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 800 டாலர் கொடுத்தவர் எவரும் "சுமார்தான்" என்று சொல்ல மாட்டார், கொடுக்காதவர் எவரும் "கொடுத்திருக்கலாம்" என்று சொல்ல மாட்டார். இந்த விஷயத்தில் அனுபவஸ்தர்கள் அத்தனை பேரும் ஒருதலைப்பட்சமானவர்கள்.

உள்ளே, வெளியே என்ற இந்தச் சண்டையையே திட்டம் போட்டு உண்டாக்கியவர் வால்ட் டிஸ்னிதான் என்று சொல்வேன். 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது ஓட்டல் கட்ட அவரிடம் காசில்லை. பக்கத்தில் இருந்த டிஸ்னிலேண்ட் ஓட்டலைக்கூட இன்னொருவர்தான் கட்டினார், அது கம்பெனி கைக்கு வந்தது 1988இல். பூங்காவுக்கு வந்த கூட்டத்தை வைத்து வாசலுக்கு எதிரே மோட்டல்காரர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள், இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் ஃப்ளோரிடாவில் விஷயம் வெளியே தெரியாதபடி வேறு வேறு கம்பெனிகளின் பெயரில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார். எவனும் பக்கத்தில் வந்து கடை விரிக்க முடியாது. 1966இலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டாலும் கணக்கு இன்னும் வேலை செய்கிறது: வெளியே தங்கினால் தூரம், உள்ளே தங்கினால் விலை.

சரி, இப்போது என் கட்சி. நான் கணக்குப் போட்டேன். காலை ஏழு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பும்போது இரவு பத்து, பத்தரை. அதற்கப்புறம் தூக்கம். தூங்கும்போது ஏரிக்கரையில் இருக்கிற கிராண்ட் ஃப்ளோரிடியன் ஓட்டலும் ஒன்றுதான், நெடுஞ்சாலையோரத்து மோட்டலும் ஒன்றுதான், கண்ணை மூடினால் இரண்டும் தெரியாது. ஆக, விழித்த நிலையில் அறைக்குள் இருக்கப்போவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம், அதிலும் பாதி நேரம் ஒற்றை ஷூவின் ஜோடியைத் தேடுவதில் போகும். மணிக்கு 400 டாலர் கொடுத்துப் பல் தேய்க்க வேண்டுமா என்று கேட்டேன்.

"அப்ப மத்தியானம் ரூமுக்கு வந்து படுக்கலாம்ல?" என்றாள் மனைவி.

படுக்கலாம். ஆனால் பூங்கா டிக்கெட்டுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டியிருக்கிறோமே. இந்த இடம்தான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. ஓட்டலை அனுபவிக்க வேண்டும் என்றால் பூங்காவுக்குப் போகக் கூடாது, பூங்காவை அனுபவிக்க வேண்டும் என்றால் ஓட்டலில் இருக்கக் கூடாது, இரண்டுக்கும் முழுக்காசு வாங்குகிறார்கள். குளத்தில் மிதக்கும்போது டிக்கெட் ஞாபகம் வரும், வரிசையில் வெந்துகொண்டு நிற்கும்போது குளம் ஞாபகம் வரும். ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வருத்தப்பட வழி செய்து கொடுக்கிற ஒரே சுற்றுலா இதுதான்.

ஆனாலும் மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஃப்ளோரிடாவின் கோடை, மதியம் ஒரு மணி வெயில், மூன்று மணிக்கு அடித்து ஊற்றுகிற இடிமழை, கையில் ஆறு வயதுக் குழந்தை, கூட முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. இந்தக் கூட்டணி காலையிலிருந்து இரவுவரை ஒரே மூச்சில் பூங்காவில் நிற்காது. நடுவில் ஒரு தூக்கம் போட்டே ஆக வேண்டும். ஏரிக்கரை ஓட்டல் என்றால் மோனோரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அறை, கன்டெம்பரரி என்றால் நடந்தே போய்விடலாம். வெளியே தங்கினால்? மேஜிக் கிங்டத்தின் கார் நிறுத்தம் பூங்கா வாசலிலேயே இல்லை, ஏரிக்கு அந்தப் பக்கம். கப்பலோ மோனோரயிலோ பிடித்து அக்கரை போய், காரைத் தேடி, குழந்தை வண்டியை மடக்கி, ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தூக்கம் வந்த குழந்தை தூக்கம் கலைந்து அழ ஆரம்பித்திருக்கும். அப்படியே திரும்பியும் வர வேண்டும். ஏரிக்கரைக்காரர்கள் விற்பது மெத்தையோ தலையணையோ இல்லை, இந்த அலைச்சல் இல்லாத ஒரு மணி நேரத்தைத்தான். அதற்கு விலை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 800 டாலரா என்பதுதான் கேள்வி.

மற்ற சலுகைகளைப் பார்த்தால் டீலக்ஸுக்கு என்று தனியாகப் பெரிதாக எதுவும் இல்லை. காலையில் மற்றவர்களைவிட 30 நிமிஷம் முன்னால் உள்ளே விடுவார்கள், ஆனால் வேல்யூவில் தங்கினாலும் அதே 30 நிமிஷம்தான். நீண்ட வரிசையைத் தாண்டிப் போக விற்கிற லைட்னிங் லேன் பாஸை வெளியாட்கள் 3 நாள் முன்னால்தான் வாங்கலாம், உள்ளே தங்குபவர்கள் 7 நாள் முன்னால், அதிலும் ஓட்டலின் தரம் பார்ப்பதில்லை. பார்க்கிங்கும் அப்படியே, எல்லா ஓட்டல்களிலும் இலவசம். டீலக்ஸுக்கு மட்டும் என்று இருப்பது சில நாட்களில் பூங்கா மூடிய பிறகு இரவில் கூடுதல் நேரம். எங்கள் மகள் இரவு எட்டரைக்கு நின்றபடியே தூங்குவாள். அந்தச் சலுகையை யாருக்காவது தானம் கொடுக்கலாம் என்றால் அதற்கும் விடமாட்டார்கள்.

இதற்கு நடுவில் மகன் பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். விண்வெளிக் கப்பலுக்குள்ளேயே தங்குவது மாதிரி டிஸ்னி ஓர் ஓட்டல் நடத்தியது, இரண்டு இரவு, இரண்டு பேருக்கு ஏறக்குறைய 4,800 டாலர். விண்வெளி என்பதால் அறையில் நிஜ ஜன்னல் கிடையாது, நட்சத்திரம் ஓடுகிற திரைதான்.

"காத்து வராத ரூமுக்கா அவ்வளவு காசு? யாருடா போனா?" என்றார் அம்மா.

போனவர்கள் ஆஹா ஓஹோ என்றுதான் சொன்னார்கள், ஆனால் போகிறவர்கள் போதவில்லை. 2022 மார்ச்சில் திறந்ததை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அம்மாவின் கருத்தைக் கட்டுவதற்கு முன்பே யாராவது கேட்டிருக்கலாம்.

நேர்மையாகச் சொன்னால், விலையுயர்ந்த ஓட்டல் கணக்குப்படியே லாபம் என்று எனக்குத் தோன்றியது டிஸ்னிக்குப் போட்டியாகப் பூங்கா நடத்துகிற யூனிவர்சலில்தான். அங்கே போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்று மூன்று ஓட்டல்களில் தங்கினால், அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் வரிசையைத் தாண்டுகிற எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம், அறைக்குள் வரும் நாளுக்கும் உண்டு, காலி செய்யும் நாளுக்கும் உண்டு. ஒரு ராத்திரி தங்கினால் இரண்டு நாள் பாஸ். கூட்ட நாட்களில் இதைத் தனியாக வாங்கினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கே 200 டாலரைத் தாண்டும், நாலு பேர் குடும்பம் என்றால் அறை வாடகை கிட்டத்தட்ட ஓசி. (2025இல் திறந்த எபிக் யூனிவர்ஸ் பூங்காவில் மட்டும் அந்த இலவசப் பாஸ் செல்லாது.) இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டில் அறிவித்தேன். ஆனால் அம்மா எந்த ராட்டினத்திலும் ஏற மாட்டார். மகளுக்கு உயரம் போதாது. ஹல்க் ரோலர் கோஸ்டருக்கு 54 அங்குலம் வேண்டும், மகனுக்கே இன்னும் இரண்டு விரல் குறைகிறது. மனைவிக்குத் தலை சுற்றும். ஐந்து பாஸையும் வைத்துக்கொண்டு நான் மட்டும் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். யூனிவர்சலை இரண்டு வருஷம் தள்ளி வைத்தோம்.

கடைசியில் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்தது பாத்ரூம்.

நாங்கள் ஐந்து பேர். வேல்யூ ஓட்டலின் சாதாரண அறையில் நாலு பேருக்குத்தான் அனுமதி, தொட்டில் குழந்தையை மட்டும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எங்கள் மகன் விஷயமோ நேர் எதிர்: அங்கே பத்து வயதானாலே பெரியவர் டிக்கெட். பல் தேய்க்க மூன்று முறை சொல்ல வேண்டிய ஆளுக்குப் பெரியவர் டிக்கெட். ஏரிக்கரை ஓட்டல்களில் ஐந்து பேர் தங்குகிற மாதிரி அறை உண்டு, அதுதான் மனைவியின் துருப்புச் சீட்டாக இருந்தது. "ரெண்டு ரூம் போடற காசுக்கு இதையே போட்டுடலாமே" என்றாள். எனக்கும் பதில் இல்லை.

அப்போதுதான் அம்மா கேட்டார், "அதுல எத்தனை பாத்ரூம்?"

ஒன்று.

ஐந்து பேர், ஒரு பாத்ரூம், காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் மகன் உள்ளே போனால் எப்போது வருவான் என்பது அவனுக்கே தெரியாது. அம்மாவுக்கு ஐந்து மணிக்கே குளித்தாக வேண்டும். மனைவிக்குத் தலைக்குக் குளிக்கிற நாள் என்றால் அன்றைக்கு வேறு யாருக்கும் தண்ணீர் கிடையாது. முன்கூட்டி உள்ளே விடுகிற அந்த 30 நிமிஷம் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றே தீர்ந்துவிடும். மோனோரயில் வாசலில் வந்து காத்திருந்து என்ன புண்ணியம்?

தேடிப் பார்த்தால் ஆல் ஸ்டார் மியூசிக் என்கிற வேல்யூ ஓட்டலில் ஃபேமிலி சூட் என்று ஒன்று இருக்கிறது. ஆறு பேர் தங்கலாம், இரண்டு பாத்ரூம், விலையும் ஏரிக்கரையின் ஓர் அறையைவிட நன்றாகவே குறைவு. மோனோரயில் இல்லை, பஸ்தான். ஒட்டகச்சிவிங்கி இல்லை, ராட்சத டிரம்மும் கிட்டாரும் நிற்கின்றன. ஆனால் மோனோரயிலில் ஏறுவதற்கு யாரும் காசு கேட்பதில்லை, மூன்று ஓட்டல்களுக்குள்ளும் இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம். லாட்ஜின் பின்பக்கம் போனால் அங்கே தங்காதவர்களும் நின்று ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு வரலாம். இதை மனைவியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "அடுத்தவங்க ஜன்னலுக்குக் கீழே நின்னு பாக்கச் சொல்றீங்க, அவ்வளவுதானே" என்றாள். ஆமாம், அவ்வளவுதான். ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றேன். முறைத்தாள், ஆனால் கிரெடிட் கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

பதிவு செய்து முடித்து, எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று லேப்டாப்பை மூடும்போது அம்மா சொன்னார்: "அந்த ரெண்டுல ஒண்ணு எனக்கு மட்டும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் அங்க வந்து யாரும் கதவைத் தட்டக் கூடாது."

ஆக, நாலு பேருக்கு ஒன்று.