கடித்த பிள்ளையும் என் கையிலிருந்த நோட்டும்

எட்டு வருஷம் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்த பிறகுதான் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் சி.டி.ஏ. சான்றிதழுக்குப் படிக்க உட்கார்ந்தேன். தூக்கிச் சுமந்து, ஊட்டி, தூங்க வைத்தவளுக்கு இன்னும் என்ன படிப்பு என்ற வீம்பு மனசில் இருந்தது. 120 மணி நேர வகுப்பு, குழந்தைகளோடு 480 மணி நேர வேலை, ஒரு கோப்பு, ஒரு தேர்வு. அப்புறம் ஒருவர் நேரில் வந்து நாம் வேலை செய்வதைப் பார்ப்பார்.

நான் திணறியது குறிப்பு எழுதுவதில்தான். இரண்டரை வயதுப் பையன் ஒருவனைப் பற்றி, "பிடிவாதக்காரன், மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான்" என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளர் முதல் வார்த்தையை அடித்துவிட்டார். "பிடிவாதம் கண்ணுக்குத் தெரியாதும்மா. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மணியையும் போடுங்கள்" என்றார்.

மறுநாளிலிருந்து பையில் ஒரு சின்ன நோட்டு. 11.40, கை கழுவும் வரிசை, பின்னால் நின்ற பாப்பா அவன் முதுகில் சாய்ந்தாள், திரும்பித் தோளில் கடித்தான். இரண்டு நாள் கழித்து 11.45, அதே வரிசை. நான்காவது குறிப்பு எழுதும்போதுதான் உறைத்தது: விளையாடும்போது அவன் யாரையும் கடித்ததே இல்லை. பசி, நெரிசல், காத்திருப்பு மூன்றும் சேரும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாமே. பத்துப் பேரையும் ஒன்றாக நிறுத்துவதை விட்டு, இரண்டு இரண்டு பேராக அழைத்துப் போனோம். சில நாளில் கடிப்பது அநேகமாக நின்றுபோனது. அத்தனை மாதமும் அந்தப் பிள்ளையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பெற்றோர்கள் உரிமத்தையும் அங்கீகாரத்தையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். உரிமம் அரசு தருவது, குறைந்தபட்ச விதிகளுக்கானது. சி.டி.ஏ. ஆளுக்கு. சிறு குழந்தைகளின் கல்விக்கான அமெரிக்கச் சங்கமான என்.ஏ.இ.ஒய்.சி. போன்ற அமைப்புகளின் தர அங்கீகாரம் காப்பகத்துக்கு. அது கட்டாயமில்லை, விருப்பமுள்ள காப்பகங்கள்தான் பெறுகின்றன. கைக்குழந்தைகள் என்றால் நான்கு பேருக்கு ஓர் ஆள் என்பது போன்ற அளவுகள் அதில் உண்டு. நல்ல அளவுதான், தினமும் கடைப்பிடித்தால். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், மதிப்பீட்டாளர் வரும் வாரத்துக்கு மட்டும் கூடுதல் ஆள் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை பழையபடி ஆறு குழந்தைகளோடு நான் ஒருத்தி. சுவரில் மாட்டியிருக்கும் அங்கீகாரப் பலகையைப் பார்க்கும் பெற்றோர், மத்தியானம் மூன்று மணிக்குத் தம் பிள்ளையோடு யார் இருக்கிறார், அவர் பொறுப்பில் எத்தனை பேர், எத்தனை மாதமாக வேலையில் இருக்கிறார் என்றும் கேட்க வேண்டும். கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது, சந்தோஷமாகத்தான் இருக்கும்.

சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். போன மாதம் புதுப்பிக்க விண்ணப்பித்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் நேற்று வந்து, "அக்கா, அந்தக் குட்டி ரொம்ப அடம்" என்றாள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.