பாஞ்சோ உக்குலேலேயில் தகிட தகிட தக

பாஞ்சோ உக்குலேலே என்பது பாஞ்சோவின் தோல் முகமும் உக்குலேலே என்கிற சின்ன கிட்டாரின் கம்பிகளும் சேர்ந்த வாத்தியம். அதை எடுக்கிறவர்கள் முதலில் கார்டு (chord, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கூட்டு) பிடிக்கிற இடது கையைத்தான் கவனிக்கிறார்கள். இந்த வாத்தியத்தின் உயிர் வலது கையில் இருக்கிறது. நாலே கம்பி, சுருதியும் உக்குலேலே மாதிரி ஜி சி இ ஏ (மேற்கத்தியச் சுரப் பெயர்கள்) தான், ஆனால் மரப்பலகைக்குப் பதில் தோல் போர்த்தியிருப்பதால் சத்தம் சட்டென்று எழும்பி உடனே அடங்கிவிடும், அதனால் கை தாளத்தோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஜார்ஜ் ஃபார்ம்பி (1904–1961) வாசித்துப் புகழ்பெற்ற ஸ்ப்ளிட் ஸ்ட்ரோக் என்கிற வலது கை வீச்சைத்தான் இப்போது பழகுகிறேன். முழு வீச்சுகளுக்கு நடுவே ஓரக் கம்பியை மட்டும் தனியாகத் தட்டி, எட்டு அடியை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரிப்பது. நமக்கு இது புதிதே இல்லை, வாயால் தகிட தகிட தக என்று சொல்லிப் பாருங்கள்! கை கீழே மேலே என்று சீராகப் போகும். முதல் 'த' கீழ்வீச்சில் விழுந்தால் இரண்டாவது 'த' மேல்வீச்சில் விழும், அந்த மேல்வீச்சுக்கு அழுத்தம் கொடுக்கப் பழகுவதுதான் முழு வேலையும்.

அப்புறம் ட்ரிப்ளெட், அதாவது அடுத்தடுத்து வேகமாக விழும் மூன்று வீச்சு. ஆள்காட்டி விரல் கீழே, கட்டைவிரல் கீழே, ஆள்காட்டி விரல் மேலே. மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும்.

வேலூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிஜத் தோல் போட்ட வாத்தியமென்றால் நம்ம ஊர் மே மாத வெயிலில் தோல் விறைத்துக்கொள்ளும், தீயில் காட்டின பறை மாதிரி. ஐப்பசி மழையில் தொய்ந்து மந்தமாகிவிடும். தோலை இழுத்துப் பிடிக்கிற வளையத்தைச் சுற்றியிருக்கிற திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்த பிறகு சுருதி சேருங்கள்.