நோம்பிக் கணக்கும் 11 வருடச் சம்பளக் கவர்களும்

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். இரவு எட்டு மணிக்கு மேல் வரிசையில் நின்று வாங்கும் கவரின் மேல் பெயர், டோக்கன் எண், எத்தனை ஷிப்ட், பிடித்தம் எவ்வளவு என்று பேனாவால் எழுதியிருக்கும். பணத்தை எடுத்துக்கொண்டு கவரைக் கசக்கி எறிந்துவிடுவதுதான் வழக்கம். நான் எறியவில்லை. பையனுக்கு ரஃப் நோட்டு வாங்கக் கை வராத காலம் அது. கவரை ஓரத்தில் பிரித்து விரித்தால் உட்புறம் எழுத்தில்லாமல் இருக்கும். அதில் அவன் வாய்ப்பாடு எழுதுவான், வகுத்தல் கணக்குப் போடுவான். எழுதி முடித்ததை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் போட்டு வைப்பேன். அந்தப் பை இல்லையென்றால், வேலையை விட்டு விலகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டி எனக்குக் கிடைத்திருக்காது.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் லைன் வீடு. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்ட பிறகு, எங்கள் வரிசையில் மட்டும் மூன்று பெண்களுக்கு வேலை நின்றது. ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிய கம்பெனிகள் கூப்பிடவில்லை. அவர்களில் ஒருத்தி என்னிடம், "நாமாக நின்றுவிட்டால் கிராஜுவிட்டி கிடையாதாமே அக்கா" என்று கேட்டாள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறு. ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அந்தப் பணம் அவருடையது.

நான் 2011 ஜூனில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே மேசையில் பீஸை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, டேமேஜில் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். நின்றுகொண்டேதான் வேலை. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், 12 மணி நேரம். பத்தாவது வருடத்தில் காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டேன். இல்லை என்றார்கள். 2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை, கடைசிச் சம்பளம் வாங்கிக்கொண்டு, விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னது எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பத் தேதியானது.

இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்டபோது மேலாளர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். "ஒவ்வொரு நோம்பிக்கும் உங்கள் கணக்கை முடித்துத்தானே அனுப்பியிருக்கிறோம் அக்கா. அதிலேயே எல்லாம் சேர்ந்துவிட்டது" என்றார்.

இந்த நோம்பிக் கணக்கைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் பண்டிகை. தீபாவளிக்கு முந்தைய சம்பளத்தில் போனஸ் போடுவார்கள். ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்குவார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில், மகனுக்குத் துணி எடுக்கும் நினைப்பில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிப்பது? பத்து நாள் விடுமுறை முடிந்து திரும்பினால் அதே மேசை, அதே டோக்கன். ஆனால் கம்பெனி ஏட்டில் நான் ஒவ்வொரு வருடமும் விலகி, ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்தவள்.

சங்கத்துக்குப் போவதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. வேலையில் இருந்தவரை நான் சந்தா கட்டியதில்லை. போகச் சொன்னது என் மாமியார். 1984-இல், விலைவாசி உயர்வுக்கு ஈடாகத் தரும் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது அவர் கைமடிக்கும் வேலையில் இருந்தார். மூன்று மாதம் கடந்த பிறகு வீட்டில் ராகிக் கூழ் மட்டும்தான் என்பார். "நாங்கள் அன்றைக்கு நின்றதால்தான் உன் கவரில் பஞ்சப்படி என்று ஒரு வரி இருக்கிறது. போய்க் கேள்" என்றார்.

சங்க அலுவலகத்தில் இருந்த பெரியவர் நான் சந்தா கட்டினேனா என்று கேட்கவில்லை. எத்தனை வருடம், கடைசியாக ஷிப்டுக்கு எவ்வளவு, பி.எஃப். எண் இருக்கிறதா என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டார். பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம். என் ஷிப்ட் சம்பளம் 390 ரூபாய். 15 நாளுக்கு 5,850. வேலை செய்தது 11 வருடம் 8 மாதம். கடைசி வருடம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதுவும் முழு வருடம், ஆகவே 12. மொத்தம் 70,200 ரூபாய். மாதச் சம்பளக்காரர்கள் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், 30-ஆல் அல்ல. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்குக் கடைசி மூன்று மாதச் சம்பாத்தியத்தின் சராசரி. ஓவர்டைம் சேராது. இந்தக் கணக்கு தெரியாமல் கம்பெனி சொல்லும் தொகையை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் கம்பெனிக்கே 'ஐ' (I) என்ற எழுத்துள்ள படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விலகி 30 நாளுக்குள் கொடுப்பது முறை. தாமதமானதற்காக மட்டும் உரிமை போய்விடாது. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் அந்தக் கவர் என் வீட்டுக்கே திரும்பி வந்தது. மேலே தபால்காரர் கையெழுத்தில், வாங்க மறுப்பு என்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. 11 வருடம் காலையில் வணக்கம் சொல்லிய வாசல், என் பெயர் எழுதிய தபாலை உள்ளே விடவில்லை. அழுதுகொண்டே பிரிக்கப் போனேன். நல்லவேளையாகப் பெரியவருக்கு போன் செய்தேன். "பிரித்துவிடாதே அம்மணி, அப்படியே கொண்டு வா. அதுதான் நமக்கு முதல் சாட்சி" என்றார். திரும்பி வந்த தபாலை ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

விண்ணப்பம் கொடுத்து 30 நாளுக்குள் கம்பெனி பணம் தர வேண்டும். தராவிட்டால், மறுத்தால், கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'என்' (N) என்ற எழுத்துள்ள படிவத்தில் மனு. அதற்குக் கெடு 90 நாள். எங்களுக்குத் தொழிலாளர் உதவி ஆணையர்தான் அந்த அதிகாரி. வக்கீல் கட்டாயமில்லை, சங்கப் பெரியவர் எனக்காக ஆஜராக அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் வாய்தா. மொத்தம் ஒன்பது. முதல் இரண்டுக்குக் கம்பெனித் தரப்பில் யாருமே வரவில்லை. மூன்றாவதற்கு வக்கீல் வந்து அவகாசம் கேட்டார். அப்போது நான் ஒரு சின்ன யூனிட்டில் உட்கார்ந்து லேபிள் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் செலவு வேறு. காலையில் தயிர்ச்சோற்றைப் போசியில் கட்டிக்கொண்டு போய், வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புவேன். சட்டத்தில் உள்ள குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். உரிமை தெளிவாக இருக்கிறது. அதை வாங்குவதற்குள் தொழிலாளி செலவழிக்கும் நாட்களுக்குக் கணக்கே இல்லை.

கடைசியில் கம்பெனி எதிர்வாதம் தாக்கல் செய்தது. நான் கான்ட்ராக்டரின் ஆள். அப்படியே அவர்கள் ஆள் என்றாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. 2017-இல் கம்பெனி பெயரே மாறிவிட்டதால் அதற்கு முந்தைய வருடங்களுக்குப் புதிய கம்பெனி பொறுப்பல்ல. ஒரு வருடம் தொடர் வேலையாகக் கணக்காக 240 நாள் வேண்டும், 2020-இல் அதையும் நான் செய்யவில்லை. நான்கு வாதம்.

கான்ட்ராக்டர் வாதத்தை பி.எஃப். பாஸ்புக் உடைத்தது. கம்பெனி மாறினாலும் மாறாத 12 இலக்க பி.எஃப். எண்ணான யு.ஏ.என். ஒன்றுதான், அதன் கீழே 2017 வரை ஒரு கம்பெனிக் கணக்கு, பிறகு இன்னொன்று, இரண்டும் அதே முதலாளியின் பெயர்கள். எந்தக் கான்ட்ராக்டர் பெயரும் அதில் இல்லை. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. எண்ணும் சேர்ந்த நாள் முதல் அதே எண். பெயர்ப் பலகைதான் மாறியது. கட்டடமும் முதலாளியும் என் மேசையும் மாறவில்லை.

240 நாள் கணக்குக்குத்தான் துணிப்பையை எடுத்தேன். நானும் மகனும் மூன்று ராத்திரி தரையில் பாய் விரித்து, கவர்களை வருடம் வாரியாக அடுக்கினோம். அவன் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கவரின் ஷிப்ட் எண்ணிக்கையையும் கூட்டி எழுதினான். சில வாரங்களுக்குக் கவர் இல்லை. ஆனாலும் 2020 தவிர எந்த வருடமும் 240-க்குக் கீழே வரவில்லை. 2020-இல் மார்ச் 25 முதல் ஊரடங்கு. தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றால் அது தொடர்ச்சியை முறிக்காது என்று சட்டமே சொல்கிறது. பெரியவர் அந்தப் பிரிவைக் காட்டினார்.

கவர்களை மேசையில் வைத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றிலும் உட்புறம் பென்சில் கிறுக்கல். அதிகாரி ஒன்றை எடுத்து மேலே எழுதியிருந்த ஷிப்டைப் பார்த்தார். பிறகு உள்ளே விரித்துப் பார்த்தார். ஏழாம் வாய்ப்பாடு, பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு வரை. கீழே மகன் அன்றைய தேதியும் எழுதியிருந்தான், 2013 என்று. "இது யார் எழுதியது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. கம்பெனி வக்கீலிடம் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வாய்தா போயிற்று, பதிவேடு வரவே இல்லை.

வவுச்சர்கள் மட்டும் வந்தன. போனஸ், லீவு, கிராஜுவிட்டி உட்பட என்று அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்து. எனக்குத் தொண்டை அடைத்தது. அதிகாரி கால்குலேட்டரை எடுத்து, அந்த வருடச் சம்பளத்தோடு தொகையை ஒப்பிட்டார். சரியாக 8.33 சதவீதம். சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்ச போனஸ் அதுவே. ஒரு ரூபாய்கூட மேலே இல்லை. "இதில் கிராஜுவிட்டி எங்கே இருக்கிறது?" என்று வக்கீலைக் கேட்டார்.

எட்டாவது வாய்தா முடிந்து வெளியே வந்ததும் மேலாளர் வேப்பமரத்தடியில் என்னைக் கூப்பிட்டார். 25,000 இப்போதே கையில் தருகிறேன், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், உங்கள் மகனுக்கும் வேலை பார்த்துத் தருகிறேன் என்றார். அந்த மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பெரியவரைப் பார்த்தேன். "முடிவு உன்னுடையது அம்மணி. வாங்கினாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்" என்றார். வாங்கிக்கொண்டு போனவர்களை நானும் தப்பாக நினைக்கவில்லை. பசி யாருக்கும் வாய்தா கொடுப்பதில்லை. எனக்கு அந்தத் திரும்பி வந்த தபால் கண்ணில் நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

உத்தரவு 2024 செப்டம்பரில் வந்தது. 70,200 ரூபாயும், தர வேண்டிய நாளிலிருந்து பணம் தரும் நாள் வரை ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டியும். மேல்முறையீட்டுக்குக் கம்பெனிக்கு 60 நாள் உண்டு. ஆனால் உத்தரவிட்ட தொகையைக் கட்டிவிட்டுத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். அப்படியும் தராவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வழியிருக்கிறது. அதற்கான மனுவையும் பெரியவர் எழுதித் தயாராக வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. நவம்பர் நடுவில் வங்கி வரைவோலை வந்தது. 20 மாத வட்டி 11,700 சேர்த்து 81,900. பெரியவருக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன். சந்தா ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அந்த வருடச் சந்தாவுக்கு மட்டும் ரசீது போட்டார்.

நான் சொன்ன படிவங்கள் 1972 சட்டத்தினுடையவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. கிராஜுவிட்டி இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. ஆகவே இப்போது போகிறவர்கள் எந்தப் படிவம் என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து வருட விதி அப்படியே இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கென்று எழுதி வேலைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வருடமே போதும் என்பது புதிது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தொகுப்புகளில் வேலைநிறுத்தத்துக்குப் போட்டிருக்கும் முன்னறிவிப்பு நிபந்தனைகளைப் படித்தபோது என் மாமியாரின் 127 நாள்தான் நினைவுக்கு வந்தது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் சங்கங்கள் இந்தத் தொகுப்புகளை எதிர்த்ததற்குக் காரணம் இருக்கிறது.

என்னிடம் கேட்ட அந்தப் பெண்ணுக்கு எட்டு வருட வேலை. அவளுக்குக் கவர் கிடையாது. சம்பளம் பேங்கில் ஏறியது. பாஸ்புக்கில் சனிக்கிழமைதோறும் வந்த தொகையைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். பி.எஃப். விவரத்தை போனில் இறக்கிக் கொடுத்தது என் மகன். விலகிய தேதிக்கு அவளிடம் கடிதம் இல்லை. வேலை இல்லை என்று சூப்பர்வைசர் அனுப்பிய குரல் பதிவு இருக்கிறது. அதை அழிக்காமல் வைக்கச் சொன்னேன். திங்கட்கிழமை இருவரும் சங்க அலுவலகத்துக்குப் போகிறோம். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.