நட்சத்திர பிளாக் கோபாலிமர்: மும்பை மழைக்காலத்தில் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு

நட்சத்திர பிளாக் கோபாலிமர் என்றால் ஒரு நடுக்கருவிலிருந்து பல கைகள், ஒவ்வொரு கையிலும் இரண்டு பாலிமர் அடுத்தடுத்து; இங்கே முதலில் பாலிகாப்ரோலாக்டோன், பிறகு பாலிஸ்டைரீன். பவாயிலோ மாட்டுங்காவிலோ பாலிமர் லேபில் சேரும் நம்மூர் மாணவர்கள் முதலில் கேட்பது எந்த வெப்பநிலை, எத்தனை மணி நேரம் என்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைவிடப் பெரிய கேள்வி, பிளாஸ்க்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது.

கணக்கைப் பாருங்கள். மோனோமர் 11.4 கிராம் காப்ரோலாக்டோன் (100 மில்லிமோல்), நடுக்கருவாக 136 மில்லிகிராம் பென்டாஎரித்ரிட்டால் (1 மில்லிமோல்). நாலு கை, கைக்கு 25 அலகு என்று கணக்கு. இதில் வெறும் 18 மில்லிகிராம் தண்ணீர் இருந்தால் அதுவும் 1 மில்லிமோல்; தண்ணீரும் சங்கிலியைத் தொடங்கும். ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு நேர்ச்சங்கிலி என்ற கணக்கில் கலவை கிடைக்கும், கைகளும் 20 அலகாகக் குறுகும். அதனால் மோனோமரைக் கால்சியம் ஹைட்ரைடு மேல் ஒரு நாள் கலக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி எடுங்கள். கண்ணாடிச் சாமான்களை 120 டிகிரி ஓவனில் இரவு முழுக்க வைத்து, சூட்டோடு நைட்ரஜனில் பொருத்துங்கள். வினையூக்கியான டின் ஆக்டோயேட் பாட்டிலில் இருந்து வரும் ஈரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பென்டாஎரித்ரிட்டால் லேசில் கரையாது. பொடியாக அரைத்து வெற்றிடத்தில் உலர்த்துங்கள். 130 டிகிரியில் தெளிந்ததும் 110-க்கு இறக்குங்கள். மோனோமர் தீர்ந்தபின் சூட்டிலேயே விட்டால் எஸ்டர் பரிமாற்றம் (சங்கிலிகள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வது) நடந்து கைகளின் நீளம் தாறுமாறாகும். என்.எம்.ஆர். நிறமாலையில் 4.22 பி.பி.எம். (மோனோமர்), 4.06 பி.பி.எம். (பாலிமர்) சிக்னல்கள் இரண்டையும் ஒப்பிட்டு 90 சதவீதம் வாக்கில் நிறுத்திவிடலாம்.

அடுத்து, கை நுனியிலுள்ள ஹைட்ராக்சில்களை இரண்டாம் பிளாக் தொடங்கும் இடமாக மாற்ற புரோமோஐசோபியூட்டிரைல் புரோமைடு. 3.65-இல் உள்ள ஹைட்ராக்சில் நுனியின் சிக்னல் முழுக்க மறையும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். மறையாமல் மிஞ்சினால் சில கைகளில் இரண்டாம் பிளாக் வளராது, பிறகு அதைச் சரிசெய்யவும் வழியில்லை.

இரண்டாம் பிளாக்குக்கான ஸ்டைரீன் ஏ.டி.ஆர்.பி. (அணு மாற்றத் தனியுறுப்புப் பாலிமராக்கல்; 110 டிகிரி, காப்பர்(I) புரோமைடு, அதனுடன் இணையும் லிகண்ட் பி.எம்.டி.இ.டி.ஏ.) தொடங்கும் முன் காப்பர் புரோமைடின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இல்லாமல் பச்சையாக இருந்தால் அசிட்டிக் அமிலத்தில் கழுவி, எத்தனாலில் அலசி உலர்த்திய பிறகே எடைபோடுங்கள். உறையவைத்து, காற்றை இழுத்து, உருக்கும் சுற்று மூன்று தடவையாவது வேண்டும்.

இங்கே கன்வெர்ஷன் (மோனோமர் பாலிமராக மாறும் விகிதம்) ஆசைதான் கெடுக்கும். 5 சதவீதக் கைகள் இணைந்து முடிந்தாலே, நாலு கை நட்சத்திரங்களில் சுமார் 19 சதவீதம் ஏதோ ஒரு கையில் பாதிக்கப்படும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கைக்கு 50 அலகு வேண்டுமானால் கைக்கு 200 அலகு ஸ்டைரீன் போட்டு 25 சதவீதத்தில் நிறுத்துங்கள். காப்பர்(II) புரோமைடு 5 சதவீதம் சேர்ப்பது நல்லது.

ஜி.பி.சி.யில் (மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் சோதனை) இரட்டை எடையில் தோள் தெரிந்தால் நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கின்றன. குறைந்த எடைப் பக்கம் தோள் என்றால் தண்ணீர். அது காட்டும் எடை எண்ணை நம்பாதீர்கள், ஒப்பிடும் ஸ்டாண்டர்டு நேர்ச்சங்கிலி பாலிஸ்டைரீன், நட்சத்திரம் அல்ல. வைவாவில் "கை நீளம் எப்படித் தெரியும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு டி.எச்.எஃப்.-மெத்தனாலில் காய்ச்சினால் பாலிகாப்ரோலாக்டோன் சிதைந்து பாலிஸ்டைரீன் கைகள் மட்டும் மிஞ்சும். அவையும் நேர்ச்சங்கிலிகளே என்பதால் ஜி.பி.சி.யில் ஓட்டினால் எண் சரியாக வரும்.