50 வயசு ஆயிடுச்சா, பெருங்குடல் புற்றுநோய் டெஸ்ட் கிட்டை வாங்கிடுங்க

சிங்கப்பூர்ல 50 தாண்டின நம்மாளுங்க நிறைய பேரு பெருங்குடல் புற்றுநோய் டெஸ்ட்டுன்னாலே கொலோனோஸ்கோப்பின்னு (ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாக்குறது) பயந்து தள்ளிப்போடுறாங்க, ஆனா வீட்டுலயே பண்ற ஃபிட் (FIT) மல டெஸ்ட் இருக்கு, சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் சிட்டிசனுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி) அந்த கிட்டை இலவசமாவே குடுக்குறாங்க. ரெண்டு வேற வேற நாள் மலத்துல கொஞ்சூண்டு எடுத்து அனுப்பணும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூட அது கண்டுபிடிக்கும், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கிடையாது. வருஷா வருஷம் பண்ணணும், அதான் முக்கியம்.

பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தம் இல்ல, மூலமாக்கூட (பைல்ஸ்) இருக்கலாம், ஆனா மூலம்தான்னு நீங்களே முடிவு பண்ணிட்டு விட்றாதீங்க ப்ளீஸ், கொலோனோஸ்கோப்பி பண்ணியே ஆகணும், பாலிப் (குடல் உள்சுவர்ல வளர்ற சின்ன கட்டி) இருந்தா பெரும்பாலும் அப்பவே எடுத்துடுவாங்க. அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க யாருக்காவது இந்த கேன்சர் வந்திருந்தா 50 வரைக்கும் காத்திருக்காம இப்பவே டாக்டர்கிட்ட பேசுங்க. ரத்தம் போறது கண்ணுக்கே தெரிஞ்சா கிட்டெல்லாம் வேணாம், நேரா டாக்டர்தான்.