ஒரு தலை போய்ப் பத்துத் தலை வந்த கதை

அக்காவின் மகன் ஒரு நாள் கையொடிந்த வீரன் ஒருவனைக் கொண்டுவந்து, "மாமா, ஒட்டித் தாங்கோ" என்று நீட்டினான். ஆறு அங்குல உயரம், மார்பில் ஏதோ சின்னம், முழங்கையில் முறிவு. சுப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் முடிகிற வேலை. விட்டேன், ஒட்டியது. அத்தோடு எழும்பிப் போயிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் அன்றிரவு நித்திரை வராமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது, இப்படிப்பட்ட வீரர்களைக் கழற்றி, தலை மாற்றி, புதிதாக நிறம் தீட்டி வேறு ஆளாக்குகிற வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. அப்புறம் இன்னொன்று. விடிய மூன்று மணிக்கு நான் மனதளவில் ஒரு சிற்பி.

காலையில் அம்மா தேத்தண்ணியோடு வந்தார். "இந்த வயசில பொம்மையோட என்னடா செய்யிறாய்?"

"பொம்மை இல்லையம்மா, அக்‌ஷன் ஃபிகர்" என்றேன். 1964இல் அமெரிக்காவில் ஹாஸ்புரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற பன்னிரண்டு அங்குலப் படைவீரனை விற்கத் தொடங்கியது. பொம்மை என்று சொன்னால் பெடியன்கள் தொடமாட்டார்கள் என்பதால் அக்‌ஷன் ஃபிகர் என்று பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பொம்மைதானே" என்று சொல்லிக் குசினிக்குப் போய்விட்டார்.

முதல் பாடம், பழைய பெயின்டை எடுப்பது. பாமசியில் விற்கிற ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும் என்று வீடியோவில் தெளிவாகச் சொன்னார்கள். பாமசி பூட்டியிருந்தது. அக்காவின் கியூடெக்ஸ் ரிமூவர் அலுமாரியில் இருந்தது. இரண்டும் ஒரே மணம்தானே என்று நினைத்தேன். ரிமூவரில் இருப்பது அசிட்டோன். நகத்தில் இருக்கிற பூச்சை எடுக்கும், சரி. ஏபிஎஸ் என்கிற கடினப் பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக்கையே கரைக்கும். பஞ்சை இரண்டு தரம் தேய்த்தேன். பெயின்ட் போனது. மூன்றாம் தரம் மூக்கு போனது. பதறிப்போய்த் துடைத்ததில் வாயும் போய், வெயிலில் வைத்த ஐஸ்கிறீம் மாதிரி ஒரு வழுக்கல் உருண்டைதான் மிஞ்சியது.

மருமகன் பின்னேரம் வந்து பார்த்தான். "மாமா, என்ர ஆளுக்கு மூஞ்சி எங்க?"

அவன் கீழ் உதடு துடிக்கத் தொடங்கியதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "ஒரு தலை போனால் என்ன? மாமா பத்துத் தலை வைச்சுத் தாறன். இராவணன்!"

திருகோணமலையில் பிறந்தவன் வேறு என்ன சொல்வான்? வாயைத் திறந்தால் கோணேசர் மலையும், அங்கே இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்கிற இராவணன் வெட்டும்தான் வரும்.

இப்போது பத்துத் தலைக்கு எங்கே போவது? அக்காவிடம் சொன்னேன். பிள்ளைகளின் உடைந்த சாமான்களை ஒரு ஷொப்பிங் பையில் கட்டி அனுப்பிவிட்டார். அதற்குள் மல்யுத்த வீரர் இருவர், ஒரு தீயணைப்புக்காரர், ஒரு ரோபோ, பெயர் தெரியாத சில்லறை ஆட்கள் ஐவர், தலைமுடி பிய்ந்த ஒரு இளவரசி. எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்து.

தலையைக் கழற்ற ஒரு முறை இருக்கிறது. இந்தத் தலைகள் பெரும்பாலும் மெதுமையான பிவிசி பிளாஸ்டிக். கேத்தலில் கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு நிமிடம் அளவில் முக்கினால் இளகிவிடும். பிறகு துணியால் பிடித்து இழுத்தால் கழுத்து மொட்டிலிருந்து 'டொக்' என்று கழன்று வரும். இழுத்ததை உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் பழையபடி இறுகும். குளிராக இருக்கும்போது இழுத்தால் மொட்டு உள்ளேயே முறியும். அந்த 'டொக்' சத்தத்தில் ஒரு போதை இருக்கிறது. தேவையில்லாத தலைகளையும் கழற்றிப் பூட்டிப் பார்த்தேன்.

நாலாவது கேத்தல் தண்ணீர் வைத்தபோது அம்மா அடுப்பை நிறுத்தினார். "அங்க கன்னியாவில ஏழு கிணத்திலயும் சுடுதண்ணி சும்மா கிடக்கு. கொண்டுபோய் முக்கு."

"அது குளிக்கிற சூடுதானம்மா, பிளாஸ்டிக் இளகாது."

"இராவணன் தாயின்ர கிரியைக்காக அந்தக் கிணறு வெட்டினவர். நீ தாயின்ர காஸை முடிக்கிறாய்."

பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்தது கணக்குப் பிரச்சினை. பத்துத் தலையில் நடுத்தலை ஒன்று போக மிச்சம் ஒன்பது. ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஐந்து. சித்திரத்தில் பார்க்கும்போது தெரியாது. ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும், இராவணன் ஐந்து தலை உள்ள பக்கமாகத் தொப்பென்று விழுவார். வெறும் பசையில் தலைகளும் நிற்காது. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீற்றர் துளை போட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே செருகி, மீன் கோர்ப்பது மாதிரிக் கோர்த்தேன். உப்புவெளிக் கரையில் பொறுக்கிய தட்டைக் கல்லில் காலை ஒட்டியதும் ஆள் நிமிர்ந்தார். எல்லாத் தலையிலும் பெரியது இளவரசியின் தலை. அது நடுவில் இருந்தால்தான் பாரம் சமனாக நின்றது. ஆகவே இலங்கேஸ்வரனின் பிரதான முகம் நீலக் கண்ணும் நீண்ட இமையும் உள்ள ஒரு குமரிப்பிள்ளை.

மீசை வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். மீசைக்கும் கிரீடத்துக்கும் எபொக்சி புட்டி வேண்டும், களிமண் மாதிரி இரண்டு துண்டாக வரும், சேர்த்துப் பிசைந்தால் இறுகும். இரண்டு துண்டையும் சம அளவில் எடுத்துப் பிசைந்து, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவித் தடவி உருவம் பிடிக்க வேண்டும். பொம்மைக்காரர்கள் பாவிப்பது ஆறுதலாக இறுகுகிற வகை. ஹாட்வெயாரில் எனக்குக் கிடைத்ததோ ஒழுகுகிற குழாயை அடைக்கிற வகை. சில நிமிடத்தில் கல்லாகிவிடும். இடது மீசையை முறுக்கிவிட்டு வலது பக்கம் வருவதற்குள் இறுகிவிட்டது. இன்றும் வலது மீசையில் என் கைநாட்டு இருக்கிறது, காணி உறுதியில் வைத்த மாதிரி.

சால்வைக்கு டிஷூ பேப்பரை வெள்ளைப் பசையில் நனைத்து மடிப்பு விழப் போட்டேன். காய்ந்தால் துணி மாதிரியே நிற்கும். அழகாக வந்தது, பொய் சொல்லவில்லை. அதை மட்டும் தனியாக வாசல் மதிலில் காய வைத்தேன். எங்கள் வீடு கோட்டைப் பக்கம். கோட்டை மான்களைப் பற்றி ஊரில் சொல்லத் தேவையில்லை, ரோட்டில் மாடு மாதிரித் திரியும். திரும்பி வந்தபோது ஒரு புள்ளிமான் மதிலடியில் நின்று ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. இராமாயணத்தில் மானால் கேடு வந்தது இராமனுக்கு. இங்கே இராவணனுக்கே சால்வை போய்விட்டது.

நிறம் தீட்டுவதில் நான் கற்ற ஒரே விஷயம் பதம். நேரே போத்தலிலிருந்து அப்பினால் முகத்தின் கோடெல்லாம் மூடிவிடும். பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிசாக ஒரு தரம், காய்ந்தபின் இன்னொரு தரம் பூச வேண்டும். எல்லாம் முடிந்தபின் கடும் கபிலத்தை வெறுந்தேத்தண்ணி மாதிரி நீர்க்கக் கரைத்து ஓட விட்டால், அது தானே பள்ளங்களில் போய்த் தங்கி நிழல் காட்டும். பக்கத்தில் உண்மையான வெறுந்தேத்தண்ணியும் இருந்தது. அது பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

கண்கள்தான் சோதனை. வெள்ளை அடித்து, பல்லுக்குத்தியின் நுனியால் கறுப்புப் பொட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். இளவரசியின் கண் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. மிச்சம் பதினெட்டுக் கண். முடிவில் ஒரு கண் நிலாவெளிப் பக்கம், மற்றது மூதூர்ப் பக்கம். ஒன்பது தலையும் சேர்ந்து மாவட்டம் முழுவதையும் கண்காணித்தன.

கடைசி வேலை மினுக்கம் இல்லாத வார்னிஷை ஸ்பிரே பண்ணுவது. ஈரக் காற்றில் அடிக்காதே என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. கார்த்திகை மாதத் திருகோணமலையில் ஈரமில்லாத காற்றுக்கு நான் எங்கே போவது? மழை சற்று விட்ட நேரம் விறாந்தையில் வைத்து அடித்தேன். கண்முன்னாலேயே ஆள் வெளிறினார். வார்னிஷுக்குள் ஈரம் அகப்பட்டு, தலை முதல் கால் வரை வெண்சாம்பல் படிந்துவிட்டது. மூன்று கிழமை வேலை. கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

அம்மா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்து பார்த்தார். "இப்பதான்டா வடிவு. உடம்பெல்லாம் திருநீறு பூசி, உண்மையான சிவபக்தர்!" என்றார். அது, இது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து 'அவர்' என்றார். மறுநாள் காலை அவர் நிற்கிற கல்லின் அடியில் ஒரு நந்தியாவட்டைப் பூவும் இருந்தது.

சனிக்கிழமை அக்கா குடும்பம் வந்தது. மருமகன் பத்துத் தலையையும் எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டான். பின்னால் வந்த அவன் தங்கை, ஐந்து வயது, நடுமுகத்தையே கனநேரம் பார்த்தாள்.

"இது என்ர பொம்மை!"

"அது பொம்மை இல்லைப் பிள்ளை" என்றார் அம்மா, நான் வாய் திறப்பதற்குள். "அவர் இராவணன்."

"அப்ப அவர் ஏன் என்ர பொம்மைட கண்ணைப் போட்டிருக்கிறார்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேத்தலை வைக்கக் குசினிக்குப் போனேன்.