798 அடி

“அந்தப் பலகை பொய் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், தம்பி? இது மட்டும் எப்படி மெய்யாகும்?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஓய்வுபெற்ற கணக்காசிரியர், குதர்க்கம் பேசுகிற ஆள் இல்லை. லடாக்கின் கர்துங் லா கணவாய் உச்சியில், படம் எடுக்கும் வரிசையில் மனைவியோடு நின்றிருந்தார். நான் காட்டிய பலகை, 20, 25 நிமிடங்களுக்கு மேல் இங்கே தங்க வேண்டாம் என்றது. அவர் காட்டிய பலகை, உயரம் 18,380 அடி, உலகத்திலேயே உயரமான மோட்டார் சாலை இதுதான் என்றது. “சீக்கிரம் வாருங்கள் சார்” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. வேனுக்குப் போய் மற்றவர்களை எண்ணத் தொடங்கினேன்.

2014 ஜூலையில் நடந்தது. சுற்றுலாக் குழுக்களை லடாக்குக்கு அழைத்துப்போகும் வேலையில் எனக்கு அது ஐந்தாவது ஆண்டு. எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற ஒரு மிதப்பு வரும் காலம்.

அன்று காலை லேயிலிருந்து ஏறும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மேலே 18,380 என்று எழுதியிருக்கும், நம்பாதீர்கள் என்றேன். ஜிபிஎஸ் வைத்து அளந்தால் 5,359 மீட்டர்தான், அதாவது 17,582 அடி. திபெத்தில் செமோ லா 5,565 மீட்டர், இதைவிட உயரம் என்றேன். ஆசிரியர் விரல்கூட மடக்காமல் “798 அடி கூடுதல்” என்றார். வேனில் கைதட்டல். அது அவருக்கான கைதட்டல்தான். நானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் அடுத்ததையும் அவிழ்த்துவிட்டேன். மணாலி சாலையில் தங்லங் லா என்று ஒரு கணவாய் உண்டு. அங்குள்ள பலகை, உலகின் இரண்டாவது உயரமான கணவாய் என்ற பட்டத்தோடு, 17,582 அடி என்று சொல்லும். இந்தக் கணவாயின் உண்மையான உயரம் அந்தக் கணவாயின் பலகையில் போய் உட்கார்ந்திருக்கிறது. “பெயின்ட் டப்பா யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் உயரம்” என்று முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். லடாக்கி டிரைவருக்குத் தமிழ் தெரியாது. அவர் மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை நகரவே இல்லை. மோட்டார் சைக்கிள் குழு ஒன்று பலகையை வளைத்துக்கொண்டு, கொடி பிடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். ஆசிரியரும் அம்மாவும் வேனில் ஏறியபோது 50 நிமிடங்கள் ஆகியிருந்தன. மறுபக்கச் சரிவில் உள்ள நார்த் புல்லுவுக்கு இறங்குவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி. உதடு வெளிறி நீலம் பாய்ந்திருந்தது. வேனில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தோம். நுப்ரா பள்ளத்தாக்கை எட்டிய பிறகுதான் அவர் கண் திறந்து பேசினார். அன்றிரவே தேநீர் குடித்தார். அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதால்தான் இதை எழுதவும் முடிகிறது.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அன்றிரவு படுக்கையில் கிடைத்தது. “சார், உங்கள் 798-ஐக் கழித்தே பாருங்கள். மிச்சமிருக்கிற 17,582 அடியிலும் கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் மூச்சுக்கு வரும்.” ஒரு கணக்காசிரியர் இதைத் தட்டியிருக்க மாட்டார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ குழுக்களை அழைத்துப் போய்விட்டேன். அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை, பதில் அப்படியே இருக்கிறது.

நான் சொன்னது பொய்யா? இல்லை. பொய்யான எண்ணைப் பொய் என்றேன். ஆனால் எண்ணோடு நிறுத்தாமல், எழுதியவனையும் சேர்த்துக் கேலி செய்தேன். எச்சரிக்கையை எழுதியதும் அதே கைதான் என்று நான் யோசிக்கவில்லை, அவர் யோசித்துவிட்டார். இப்படி என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி முடிக்கும்போது, மறுநாள் காலை ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வரும். “நீங்கள் சொன்னதற்காக நிற்கவில்லை தம்பி. அந்தப் பலகையோடு ஒரு படம் வேண்டும் என்று இவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.” அப்படியானால் பலகை பொய் என்று தெரிந்தே அம்மா நின்றிருக்கிறார், என் பேச்சுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்றுதான் தோன்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு பலகைகள் மாறின. உச்சியில் 17,982 என்று வந்தது. இன்னும் ஓர் இலக்கத்தை மாற்றினால் சரியாகிவிடும்! 2021-இல் 19,024 அடி உயரமுள்ள உம்லிங் லா சாலைக்குக் கின்னஸ் சான்றிதழ் கிடைத்தது. உலகத்திலேயே உயரம் என்ற பட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய பயணி ஒருவர் போனில், “நாங்கள் வந்தபோது 18,380, என் மகன் போனபோது 17,982. மலை கரைகிறதா?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

இப்போதெல்லாம் ஏறும்போது உயரத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இறங்கி நுப்ரா போய்ச் சேர்ந்த பிறகு, யாராவது கேட்டால் மட்டும் சரியான எண்ணைச் சொல்கிறேன். அதற்குள் படம் ஊருக்குப் போயிருக்கும், தவறான எண்ணோடு. எல்லோரும் நேரத்துக்கு வேனில் ஏறிவிடுகிறார்கள். இது சரியா என்று கேட்டால், நேரத்துக்கு ஏறிவிடுகிறார்கள் என்றுதான் திரும்பவும் சொல்வேன்.

ஆசிரியர் ஊர் திரும்பியதும் இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்றில் அம்மா 18,380-க்குக் கீழே நிற்கிறார். மற்றது வரிசையில் காத்திருந்தபோது எடுத்தது. அம்மா சிரிக்கிறார். பின்னால் 25 நிமிடப் பலகை பாதி தெரிகிறது. அதற்கும் அப்பால், வேனைப் பார்த்து நடந்துபோகிற என் முதுகு.